79 யூனிட் பேட்டரியா, 24 யூனிட் போதுமா? எலெக்ட்ரிக் கார் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

"அண்ணே, எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெரிய பேட்டரியாவே எடுத்துடலாமா?" எலெக்ட்ரிக் கார் வாங்க யோசிக்கிறவர்கள் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். புகை வேண்டாம், பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்றுதான் பெட்ரோலை விட்டு வெளியே வரப் பார்க்கிறார்கள். ஆனால் ஷோரூமுக்குள் நுழைந்ததும் பேச்சு ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர் ரேஞ்ச், கண்ணாடிக் கூரை, டேஷ்போர்டு முழுக்கத் திரை என்று போய்விடுகிறது, வந்த காரணத்தை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

சந்தையும் அந்தப் பக்கமாகத்தான் இழுக்கிறது. மஹிந்திரா தன் பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டையும் 2024 நவம்பரில் சென்னையில்தான் அறிமுகம் செய்தது. 59 யூனிட், 79 யூனிட் என்று இரண்டு பேட்டரி. 2025-இல் டாடா ஹாரியர் எலெக்ட்ரிக் 65, 75 யூனிட்டில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது, அவர்கள் முதலில் கொண்டுவந்த வண்டிகளும் 60 யூனிட்டைத் தொட்டும் தாண்டியும் இருப்பவைதான். (பேட்டரி அளவை கிலோவாட் அவர் என்று போடுவார்கள். அது நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், அதனால் கடைசி வரை யூனிட் என்றே சொல்கிறேன்.)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் நல்லது, நான் அதன் பக்கம்தான். ஆனால் எலெக்ட்ரிக் என்றாலே பசுமை என்று நம்பி, வருஷத்தில் நாலு தடவை ஊருக்குப் போவதற்காக அரை டன் பேட்டரியைத் தினமும் சுமந்துகொண்டு ஆபீஸ் போவது சுற்றுச்சூழலுக்கு நல்லதே இல்லை. சில சமயம் ஒரு நல்ல ஹைபிரிட் வண்டி (பெட்ரோல் இன்ஜினும் சின்ன பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் வண்டி) அளவுக்குக் கூட அது வராது. எப்படி என்று பார்ப்போம்.

## எதை எதை வைத்து எடை போடுவது

முதலில், பேட்டரியைச் செய்யும்போதே வெளியாகும் கார்பன். வண்டி ஒரு மீட்டர் ஓடும் முன்பே இது காற்றில் கலந்துவிட்டது, திரும்ப வராது. ஸ்வீடனின் ஐவிஎல் ஆய்வு நிறுவனம் 2019-இல் போட்ட மதிப்பீடு, ஒரு யூனிட் பேட்டரிக்கு 61 முதல் 106 கிலோ வரை. எந்த நாட்டு மின்சாரத்தில் செல் தயாராகிறது என்பதைப் பொறுத்து இது மாறும்.

அடுத்தது ஓட்டம். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, ஏனென்றால் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியில் வருகிறது. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் நிறைய உண்டு, ஆனால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் எல்லாரும் வீடு திரும்பி ஏசியையும் சார்ஜரையும் ஒன்றாகப் போடும்போது சூரியன் இருக்காது. காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கைகொடுக்கும்.

மூன்றாவது எடை. டயர் தேய்மானம், அதிலிருந்து வரும் தூசி, பார்க்கிங் இடம், மோதினால் எதிரே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது எல்லாம் இதில் அடங்கும்.

நான்காவதுதான் என் பார்வையில் மிக முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை: வாங்கிய பேட்டரியில் எவ்வளவைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள்? ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 79 யூனிட்டில் 8 யூனிட்தான் வேலை செய்கிறது. மீதி 71 யூனிட் சும்மா கூடவே வருகிறது.

கடைசியாக, மறைந்திருக்கும் செலவுகள், பேட்டரியின் ஆயுள் முடிந்தபின் அது எங்கே போகும் என்பது.

## ஒரே பார்வையில்

எல்லா வண்டியும் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டு நானே போட்ட கணக்கு இது. மின்சாரத்துக்கு 0.7 கிலோ, பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2.8 கிலோ, டீசலுக்கு 3.2 கிலோ. எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டுவரும் வரை ஆகும் கார்பனும் எரிபொருள் கணக்கில் சேர்ந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றும்போது வீணாகும் சுமார் பத்து சதவீதத்தை மின்சாரத்தில் சேர்த்துவிட்டேன். கார் உடம்பைச் செய்ய ஆகும் கார்பனைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் பெரிய வண்டிகளுக்கு இன்னும் கூடும்.

| வண்டி | பேட்டரி | பேட்டரி செய்ய (டன்) | 100 கிமீக்கு | ஓட்டத்தில் (டன்) | மொத்தம் (டன்) |
|---|---|---|---|---|---|
| பெரிய எலெக்ட்ரிக் எஸ்யூவி | 79 யூனிட் | 5–8 | 19 யூனிட் | 13 | 18–21 |
| சின்ன எலெக்ட்ரிக் கார் | 24 யூனிட் | 1.5–2.5 | 12 யூனிட் | 8.4 | 10–11 |
| ஸ்ட்ராங் ஹைபிரிட் | 1 யூனிட்டுக்கும் குறைவு | மிகச் சிறிது | சுமார் 4.8 லிட்டர் பெட்ரோல் | 13 | 13 |
| அதே அளவு டீசல் எஸ்யூவி | – | – | சுமார் 8 லிட்டர் டீசல் | 26 | 26 |
| எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் | 3 யூனிட் | 0.2–0.3 | 3.3 யூனிட் | 2.3 | 2.5 |

இரண்டு விஷயம் இந்தக் கணக்கை எதிரெதிர்த் திசையில் இழுக்கும். கம்பியில் வரும் வழியில் ஆகும் மின் இழப்பைச் சேர்த்தால் எலெக்ட்ரிக் வண்டிகளின் எண் கொஞ்சம் ஏறும். அடுத்த பத்து வருஷத்தில் சூரிய மின்சாரம் கூடக் கூட அதே எண் இறங்கும். பெட்ரோல் வண்டிக்கு அப்படி இறங்க வழியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அட்டவணையில் பெரிய எலெக்ட்ரிக் எஸ்யூவி தோற்கடிப்பது யாரை என்று பாருங்கள். தன் அளவுள்ள டீசல் எஸ்யூவியை மட்டும்தான். விளம்பரங்கள் செய்வதும் அந்த ஒரு ஒப்பீட்டைத்தான். உங்கள் நிஜமான தேர்வு ஒரு சின்ன எலெக்ட்ரிக் காருக்கும் இதற்கும் இடையே என்றால், ஏறக்குறைய இரண்டு மடங்கு கார்பன்.

## பெரிய பேட்டரி எஸ்யூவி

செய்யும்போது. 79 யூனிட் பேட்டரி அரை டன்னுக்குக் கிட்டத்தட்ட வரும். லித்தியம் கார்பனேட் மட்டும் யூனிட்டுக்குச் சுமார் 0.6 கிலோ, அதாவது ஒரு வண்டிக்கு 45 கிலோவுக்கு மேல். அந்த லித்தியத்தில் ஒரு பங்கு சிலியின் அட்டகாமா உப்புப் பாலைவனத்திலிருந்து வருகிறது. உலகிலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று அது. நிலத்தடி உப்பு நீரை இறைத்து, பெரிய பெரிய பாத்திகளில் மாதக் கணக்கில் வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குக் காட்சி உடனே பிடிபடும், ஆனால் நம் உப்பளத்துக்குக் கடல் இருக்கிறது, அங்கே மேலே போகும் நீர் நிலத்துக்கடியில் இருந்து வந்தது. அங்கு வாழும் பூர்வகுடிகளும், அந்த ஏரிகளை நம்பியிருக்கும் ஃபிளமிங்கோ பறவைகளும்தான் அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். மஹிந்திராவும் டாடாவும் இந்தப் பெரிய வண்டிகளில் போடுவது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி, அதில் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. கியா இவி9 போன்ற விலை உயர்ந்த வண்டிகளில் இருப்பது நிக்கல் வகை, அதுவும் கிட்டத்தட்ட 100 யூனிட். உலகின் நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. சுலவேசித் தீவின் மொரோவாலியிலும் ஹல்மஹேராவின் வேடா பேயிலும் அதை உருக்குவதற்கென்றே தனியாக நிலக்கரி மின் நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். கோபால்ட்டில் பெரும் பங்கு காங்கோவின் கொல்வேசிப் பகுதியிலிருந்து. இவ்வளவு தூரம் போய் வந்த உலோகத்தை வீட்டு வாசலில் சும்மா நிறுத்தி வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஓடும்போது. ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்கு 650 முதல் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. 79 யூனிட்டை முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஒரு தடவை நிரப்பினால் 50 கிலோவுக்கு மேல். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான், ஆகவே ஒரு முழு சார்ஜுக்கு 15 கிலோவுக்கு மேல் சாம்பல். அந்தச் சாம்பல் எங்கே போகிறது? வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் கிராமத்தின் தலைமாட்டில் இருக்கிறது. சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த எண்ணூர் மீனவர்கள் வருஷக் கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணா நகரில் புகை இல்லாமல் ஓடும் கார், புகையை எண்ணூருக்கு அனுப்பிவிட்டு ஓடுகிறது. சின்ன எலெக்ட்ரிக் காரும் இதைத்தான் செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் செய்கிறது.

அமெரிக்காவில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. அங்கே வந்த ஹம்மர் எலெக்ட்ரிக் வண்டியின் எடை 4 டன்னுக்கு மேல், அதில் பேட்டரி மட்டுமே 1,300 கிலோ, ஒரு சாதாரண செடான் கார் அளவு எடை. ஏசிஇஇஇ என்ற ஆற்றல் சிக்கன அமைப்பு 2022-இல் கணக்குப் போட்டபோது, அந்நாட்டுச் சராசரி மின்சாரத்தில் ஹம்மர் எலெக்ட்ரிக் ஒரு மைலுக்கு 341 கிராம் கார்பனுக்குக் காரணமாகிறது, பெட்ரோலில் ஓடும் செவர்லே மாலிபு 320 கிராம்தான் என்று தெரிந்தது. அமெரிக்க மின்சாரம் நம்முடையதை விட நிறையவே சுத்தமானது, அங்கேயே இந்த நிலை.

எடையும் டயரும். எக்ஸ்இவி 9இயின் டயர் 245/55 ஆர்19. சின்ன காரான டாடா டியாகோ எலெக்ட்ரிக்கின் டயர் 175/65 ஆர்14. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், எவ்வளவு ரப்பர் சாலையில் கரையப் போகிறது என்று புரியும். டயர் தேய்ந்தால் அது மாயமாகிவிடுவதில்லை, நுண்ணிய துகளாகக் காற்றிலும் மழைநீர்க் கால்வாயிலும் சேர்கிறது. டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் காற்றில் ஓசோனோடு சேர்ந்து மாறும் பொருள்தான் அமெரிக்க மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். எலெக்ட்ரிக் வண்டியில் பிரேக் தூசி குறைவு, மோட்டாரே வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் பட்டை அவ்வளவாகத் தேயாது. அது உண்மையான லாபம்தான். ஆனால் 2 டன் வண்டி டயர் பக்கமாக அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. (கனமான கார்கள் சாலையை நாசமாக்குகின்றன என்றும் சிலர் சொல்வார்கள். அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. சாலையை உடைப்பது லாரிகள், அவற்றோடு பார்த்தால் எந்தக் காரும் ஒரு பொருட்டே இல்லை.)

மறைந்திருக்கும் செலவு. வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட்தான் ஏறும். 24 யூனிட் பேட்டரி ராத்திரி தூங்கி எழுவதற்குள் நிரம்பிவிடும், 79 யூனிட்டுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்புறம் 7.2 கிலோவாட் சார்ஜர், அதற்கு லோடு கூட்ட மின்வாரியத்தில் விண்ணப்பம், பல வீடுகளில் சிங்கிள் ஃபேஸிலிருந்து த்ரீ ஃபேஸ் என்று வரிசையாக வரும். வீட்டு மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி, கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெரிய வண்டி இரண்டு மாதத்துக்குச் சுமார் 320 யூனிட் குடிக்கும், சின்னது 200. ஏற்கெனவே 280 யூனிட் ஓடும் வீட்டில் சின்ன கார் 500-க்குள் அடங்கும், பெரியது அடங்காது. இன்சூரன்ஸ், டயர் விலை எல்லாம் தனி.

எப்போது இதுதான் சரி? உண்டு, கட்டாயம் உண்டு. தொழிலுக்காக வருஷம் 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், தினமும் 150, 200 கிலோமீட்டர் போய் வருகிறவர், ஐந்து பேர் நிறைந்தே வண்டி ஓடும் வீடு. பேட்டரி செய்ய ஆன 6 டன் கார்பனை 1 லட்சம் கிலோமீட்டரில் வகுத்தால் கிலோமீட்டருக்கு 60 கிராம், 3 லட்சத்தில் வகுத்தால் 20 கிராம். அதோடு, இவர் இதை வாங்காவிட்டால் எடுக்கப்போவது ஒரு டீசல் எஸ்யூவி. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு இருந்து, பகலில் வண்டி வீட்டில் நிற்கிறது என்றால் இன்னும் நல்லது. நம் ஊர் வெயிலில் அந்தத் தகடு நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும், ஹைபிரிட்டோடு போட்டி வந்தால்கூட பெரிய வண்டி அப்போது முந்திவிடும்.

## சின்ன பேட்டரி கார்

டியாகோ 19.2, 24 யூனிட். எம்ஜி காமெட் 17.3 யூனிட், மொத்த எடையே ஒரு டன்னுக்குக் குறைவு. இவற்றை "ரெண்டாவது கார்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு, ஏனென்றால் நம் நகரங்களில் ஓடும் பெரும்பாலான முதல் கார்களின் வேலையையே இவை செய்துவிடும். சென்னையில் தாம்பரத்திலிருந்து கிண்டி போய் வர 35 கிலோமீட்டர்கூட ஆகாது. நிஜ ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் வரை தரும் காரை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை சார்ஜ் போட்டால் முடிந்தது.

கார்பன் கணக்கில் நாலு சக்கர வண்டிகளில் இதற்குத்தான் முதலிடம், அதுவும் இன்றைய நிலக்கரி மின்சாரத்திலேயே. பேட்டரி சின்னது என்பதால் முழுப் பேட்டரியும் உழைக்கிறது. ஒரு 79 யூனிட் பேட்டரிக்கு ஆகும் செல்களில் மூன்று டியாகோவுக்குப் பேட்டரி போடலாம், மூன்று வீட்டின் பெட்ரோலை நிறுத்தலாம்.

குறை என்ன? வெளியூர்தான், வேறு எதுவும் இல்லை. அதை மழுப்பக் கூடாது. சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல், டியாகோவில் போனால் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று மூன்று நாலு இடத்தில் நிறுத்த வேண்டும், ஃபாஸ்ட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். தீபாவளிக்கு முந்தின நாள் என்றால் சார்ஜர் முன்னால் வரிசை வேறு. காமெட்டில் டிசி ஃபாஸ்ட் சார்ஜ் வசதியே இல்லாமல்தான் வந்தது, அதை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்ப வேண்டாம். கைக்குழந்தையும் வயசான அப்பா அம்மாவும் இருக்கும் வீட்டில் இது விளையாட்டு இல்லை.

ஆனால் அந்தப் பயணம் வருஷத்துக்கு எத்தனை தடவை? பொங்கல், தீபாவளி, ஒரு கல்யாணம், ஒரு கோடை விடுமுறை. அந்த நாலுக்கும் ரயில் இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது, டிக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு டாக்ஸி வாடகைக்கு எடுக்கலாம். 24-க்கும் 79-க்கும் உள்ள விலை வித்தியாசம் பத்து லட்சத்துக்கு மேல். அதில் எத்தனை வருஷத்துக்கு வாடகை வண்டி எடுக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

எப்போது இதுதான் சரி? தினம் 100 கிலோமீட்டருக்குள் ஓட்டம், வீட்டிலேயே பிளக் பாயின்ட், வெளியூருக்கு வேறு வழி உண்டு. இந்த மூன்றும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

## ஸ்ட்ராங் ஹைபிரிட்

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஹைபிரிட் போன்றவை. பேட்டரி ஒரு யூனிட்டுக்கும் குறைவு, சார்ஜ் போடும் வேலையே கிடையாது. ஹைரைடருக்குச் சொல்லப்படும் 27.97 மைலேஜ் சோதனைக் கூடத்து எண், சாலையில் 20, 22 என்று வைத்துக்கொள்ளலாம். நின்று நின்று போகும் நகர நெரிசலில்தான் இதன் திறமை தெரியும், திண்டிவனம் தாண்டி 100-இல் போகும்போது லாபம் குறைந்துவிடும்.

சுற்றுச்சூழலுக்காக இதை எடுப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கணக்கில் இது பெரிய எலெக்ட்ரிக் எஸ்யூவியை முந்துகிறது, ஆனால் இன்று வாங்கும்போது என்ன எரிக்குமோ, அதையேதான் பத்தாவது வருஷமும் எரிக்கும். புகை உங்கள் தெருவிலேயே, பள்ளிக்கூட வாசலிலேயே வரும். வரியும் இதற்கு எதிராக இருக்கிறது: 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு 4 மீட்டரைத் தாண்டிய ஹைரைடர் போன்ற வண்டிகளுக்கு 40 சதவீதம், எலெக்ட்ரிக்குக்கு 5 சதவீதம். அந்த 5 சதவீதம் 17 யூனிட் காமெட்டுக்கும் 100 யூனிட் கியாவுக்கும் ஒன்றுதான் என்பது எனக்குச் சரியாகவே படவில்லை. நார்வே 2023-இலிருந்து எலெக்ட்ரிக் கார்களுக்கும் 500 கிலோவுக்கு மேல் கிலோ கணக்கில் எடை வரி போடுகிறது. பாரீஸில் 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, கனமான வண்டிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள், 2 டன்னைத் தாண்டிய எலெக்ட்ரிக்குக்கும் விலக்கு இல்லை. பேட்டரி எவ்வளவு பெரியதோ அவ்வளவு வரி என்று நம் நாட்டிலும் வரவேண்டும் என்பது என் ஆசை.

எப்போது இதுதான் சரி? வீட்டில் சார்ஜ் போட இடமில்லை, அபார்ட்மென்ட் சங்கம் பாயின்ட் தர மறுக்கிறது, ஒரே கார்தான், அதில் மாதாமாதம் வெளியூர். இவர்கள் 79 யூனிட் வாங்கி எப்போதும் வெளிச் சார்ஜரை நம்பி அலைவதை விட ஹைபிரிட் மேல்.

## ஸ்கூட்டரும் ரயிலும்

கார் வாங்கக் கேட்டவரிடம் ஸ்கூட்டரைச் சொல்வதா என்று கோபப்படாதீர்கள். ஐக்யூப், ஏத்தர் எல்லாம் நம் ஓசூரில் செய்பவை, 3 யூனிட் பேட்டரியில் 90, 100 கிலோமீட்டர் போகின்றன. ஒரு 79 யூனிட் பேட்டரியின் செல்களில் 26 ஸ்கூட்டர் ஓட்டலாம். அதே செல்களை ஒரு நகரப் பேருந்தில் போட்டால்? பெரிய எலெக்ட்ரிக் பேருந்தின் பேட்டரி 200 யூனிட்டை ஒட்டி வரும், சுமார் இரண்டரை எஸ்யூவிக்குச் சமம். 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடியிலிருந்து 120 தாழ்தளப் பேருந்துகள் அப்படி ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றி இறக்குகிறது.

இருவர் மட்டும் உள்ள வீடு, பிள்ளைகள் வெளியூரில், மெட்ரோவோ பேருந்தோ பக்கத்தில் என்றால் ஸ்கூட்டரும் அவசரத்துக்கு ஆட்டோவும் போதும். மழைக்கும், மூட்டு வலி உள்ளவர்களுக்கும், நெடுஞ்சாலையில் தினம் போகிறவர்களுக்கும் இது ஒத்துவராது.

## இருக்கும் காரையே ஓட்டுவது

இதை யாரும் விற்க முடியாது, அதனால் யாரும் சொல்வதும் இல்லை. வருஷம் 4,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் பெட்ரோல் கார், லிட்டருக்கு 14 கொடுக்கிறது என்றால் அது வெளியிடுவது 0.8 டன். சின்ன எலெக்ட்ரிக்குக்கு மாறினால் மிச்சம் வருஷத்துக்கு அரை டன்னுக்கும் குறைவு, புதுப் பேட்டரியின் 2 டன்னை ஈடுகட்டவே நாலு வருஷத்துக்கு மேல், உடம்பையும் சேர்த்தால் இன்னும் பல வருஷம். 79 யூனிட்டுக்கு மாறினால் மிச்சம் வருஷத்துக்கு சுமார் 0.27 டன்தான், பேட்டரியை ஈடுகட்டவே 18 வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வண்டியே பழசாகிவிடும். ஓட்டம் குறைவு என்றால் காற்றழுத்தம் சரிபார்த்து, சர்வீஸ் ஒழுங்காகச் செய்து, அதையே ஓட்டுங்கள். புகை தள்ளும் பழைய டீசலுக்கு இது பொருந்தாது.

## ஷோரூம் போகும் முன்

ஒரு மாதம் ஓடோமீட்டரை எழுதி வையுங்கள், ஊருக்குப் போன நாளைத் தனியாகக் குறியுங்கள். உங்கள் சாதாரண நாளின் ஓட்டத்தைப் போல மூன்று மடங்கு ரேஞ்ச் தாராளம். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் பயத்துக்குக் கொடுக்கும் விலை.

எந்த வகை பேட்டரி என்று கேளுங்கள், எல்எஃப்பி என்றால் நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: நிக்கலும் கோபால்ட்டும் இல்லாததால் பழைய எல்எஃப்பி பேட்டரியை உடைத்து எடுக்க மறுசுழற்சிக்காரர்களுக்கு லாபம் குறைவு. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, ஆயுள் முடிந்தால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய வண்டிதான் வேண்டும், வீட்டில் ஆள் அதிகம் என்று முடிவாகிவிட்டால், அதே மாடலில் சின்ன பேட்டரியை எடுங்கள். எக்ஸ்இவி 9இயில் 79-ஐ விட்டு 59-க்கு வந்தாலே 1.2 முதல் 2 டன் வரை கார்பன் செய்யும்போதே குறைகிறது, அதுவும் நிஜ ஓட்டத்தில் 300 கிலோமீட்டரைத் தாண்டும். நெக்ஸானில் 45-க்குப் பதில் 30 என்பதும் அப்படித்தான். விற்பவர் பெரியதைத்தான் முதலில் காட்டுவார், சின்ன பேட்டரிக்கு டெலிவரி எப்போது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.